புளியடிச் சந்தியில் ஒரு புதுச் சுமைதாங்கி

நீங்கள் வேலைக்கு வந்து இன்னும் ஒரு மாரி காணவில்லை. அதற்குள் ஆளுக்கொரு வரைபடத்தோடு வந்து, "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டுகிறீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. கேணியைச் சுற்றி விளக்கு, பழைய மடத்துக்கு முன்னால் கல் பதித்த முற்றம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், வயது போனவர்கள் காலையில் நடக்க ஒரு பாதை. எங்கள் காலத்தில் இப்படி வண்ணமாகக் கீற வசதி இல்லை. பென்சில் சீவியே விரல் தேய்ந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் அறிக்கை எல்லாவற்றின் முடிவிலும் "ஊர்மக்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கண்டால் நான் இன்றைக்கும் கையெழுத்துப் போடாமல் ஒதுக்கி வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கிறேன். சீமெந்துக் கலவை பற்றியும் மட்டம் பார்ப்பது பற்றியும் உங்களுக்குப் படிப்பித்து அனுப்பியிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டு முடியுங்கள்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த சில மாதங்கள் இருந்தன. உங்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். வருடக்கணக்காகக் கண்ணில் காணாத சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. சனம் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் தெருவில் நடக்கப் பழகியது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்த்திட்டச் சபைக்கு ஓர் ஆசை வந்தது. பழைய ஊர்களின் நடுப்பகுதிகளைத் திருத்தவேண்டும், பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும், பெரியவர்கள் இருந்து பத்திரிகை வாசிக்க இடம் வேண்டும் என்று. சிரிக்காதீர்கள். அப்போது அப்படி நினைப்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

எனக்குத் தந்தது நீர்வேலிக்குப் பக்கத்தில், கோப்பாய்க்குப் போகும் தெருவில் இருந்த ஓர் ஊர். அதன் நடுவைப் புளியடிச் சந்தி என்பார்கள். வழிப்போக்கர் தங்குவதற்கென்று யாரோ எப்போதோ கட்டிய மடம், அதன் பின்னால் படி இறங்கும் கேணி, மாடுகள் முதுகு தேய்க்க நட்ட கல், ஒரு பெரிய புளியமரம். மரத்தடியில் ஊரார் பத்திரிகை வாசிக்கிற வாசிகசாலை. அதை ஒட்டிக் கரப்பந்தாட்டத் திடல். சுற்றிவர வாழைத்தோட்டம். மடத்தைத் திருத்தி வாசிகசாலையை அதற்குள் கொண்டுபோவது, வாசிகசாலை இருந்த இடத்தையும் திடலையும் சேர்த்து மதில் கட்டிச் சிறுவர் பூங்கா ஆக்குவது, கரப்பந்தாட்டத்தைக் கேணிக்கு அங்கால் நகர்த்துவது. இதுதான் என் திட்டம்.

நான் குருநகரில் பிறந்தவள். கடற்கரைப் பிள்ளை. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு எங்கள் வீடு போய், பிறகு கல்யாணமாகி உரும்பிராயில் வாடகைக்கு இருந்தோம். புளியடித் திட்டம் தொடங்கும்போது முதல் பிள்ளை வயிற்றில். கால் வீங்கி, முகம் வீங்கி, வாய் மட்டும் எப்போதும் போல. என் கணவர் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னைச் சைக்கிளில் ஏற்றிவந்து சந்தியில் இறக்கிவிடுவார். பின்னேரம் வந்து ஏற்றிப்போவார். இடையில் அந்த ஊர் என்னைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்தது. நான் போனதும் ஒருவர் கதிரை கொண்டுவருவார், ஒருவர் இளநீர் வெட்டுவார். சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த பரமேஸ் அக்கா என்னை வெயிலில் நிற்கவே விடமாட்டார். "வேலை கிடக்கட்டும், காலை நீட்டி இரு பிள்ளை" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் வேலை செய்ய வந்தவளா, வளைகாப்புக்கு வந்தவளா?

எங்கள் மேலதிகாரியைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்கோபி. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் கோடு கீறும் அடிமட்டம் பறக்கும். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒன்று சொன்னார்: "பிள்ளை, கூட்டத்திலை சனம் கதைக்கிறதை அரைவாசி நம்பும். கூட்டம் முடிஞ்சு வாசலிலை செருப்புப் போடேக்கை கதைக்கிறதைக் காது குடுத்துக் கேளும். அதுதான் மெய்."

அது எனக்கு ஒருமுறை உடனேயே உதவியது. புளியடித் திடலின் மூலையில், பனங்குற்றி அடுக்கி மண் குவித்த ஒரு பெரிய பதுங்குகுழி இருந்தது. பிள்ளைகள் அந்த மண் குவியலில் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள். பூங்காவில் பதுங்குகுழி எதற்கு, மூடுங்கள் என்று கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெண் மற்றவளிடம் மெல்லக் கேட்டாள்: "மூடினால், பிறகு எங்கை ஓடுறது?" நான் மூடவில்லை. மண்ணைச் சரித்துச் சீராக்கி, அதிலேயே ஒரு சறுக்கு வைத்துக் கீறினேன். சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியபோது அந்தக் குழிக்குள் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அந்த ஊருக்குத் தெரியும். அந்த முறை என் காது வேலை செய்தது. அடுத்த முறை செய்யவில்லை.

சந்தியில் இன்னொன்றும் நின்றது. தெருவோரமாக, புளியின் நிழல் விழும் இடத்தில், மூன்று கல். இரண்டை நட்டு, ஒன்றை மேலே குறுக்காக வைத்திருந்தது. மார்பளவு உயரம். சுமைதாங்கி. ஆனால் மடத்தையும் கேணியையும் போல அது பழையதல்ல. எங்கேயோ உடைந்த படிக்கல்லைக் கொண்டுவந்து நட்டது போல இருந்தது. ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை, அதற்குக் கீழே சல்லி வைத்து இறுக்கியிருந்தது. எழுத்து இல்லை, பெயர் இல்லை. பழையதைக் காப்பாற்று, இடையில் வந்து ஒட்டிக்கொண்டதை அகற்று என்றுதான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். உங்களுக்கும் அதையேதான் படிப்பித்திருப்பார்கள். பூங்காவின் வாசல் சரியாக அந்தக் கல் நின்ற இடத்தில் வந்தது. ஆகவே கல் போகவேண்டும் என்று கீறினேன்.

அந்தக் கல்லின் கதையை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அப்போது ஒருவரும் சொல்லவில்லை. சுமைதாங்கி என்றால் தலைச்சுமையோடு போகிறவர் மற்றவர் உதவி இல்லாமல் இறக்கி வைத்து ஆறுகிற கல் என்று மட்டுந்தான் எனக்குத் தெரியும். எங்கள் கரையில் அது இல்லை. உட்பக்கத்து ஊர்களில் அதை யாருக்காக நடுவார்கள் என்று தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நடுவார்கள். அவள் இறக்கி வைக்காமலே போன சுமை ஒன்று இருக்கிறது. வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அந்தக் கல்லில் இறக்கி ஆறும் ஒவ்வொரு முறையும் அவளும் கொஞ்சம் ஆறுவாள் என்று நம்பிக்கை.

அந்தக் கல்லை நட்டவர் மார்க்கண்டு அண்ணை. வாழைத்தோட்டக்காரர், வாசிகசாலையின் செயலாளர், பூங்கா வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்து கேட்டவரும் அவர்தான். தொண்ணூறில் சண்டை மும்முரமாக இருந்தபோது அவருடைய மனைவிக்கு நிறைமாதத்தில் நோவு கண்டது. கார் ஓட எண்ணெய் இல்லை. வாழைக்குலை ஏற்றும் தள்ளுவண்டிலில் மனைவியைக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு என்று தானே தள்ளிக்கொண்டு போனார். புளியடியில் அவர் மனைவி கேட்டாராம்: "இதிலை கொஞ்சம் நிப்பாட்டுங்கோ." மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்று சொல்லி அவர் நிறுத்தாமல் தள்ளினார். அடுத்த சந்தி வருவதற்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மறு வருடம் அந்த இடத்தில், மனைவி நிப்பாட்டச் சொன்ன அதே இடத்தில், அந்தக் கல்லை நட்டார்.

ஊர் முழுவதற்கும் இது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏன்? நான் கர்ப்பிணி. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இந்தக் கதையை யார் வாய் திறந்து சொல்வது?

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் காலைப் பூசை முடிந்த கையோடு போனேன். வாசிகசாலை நிறையச் சனம். மடம், சரி என்றார்கள். ஊஞ்சல், கை தட்டினார்கள். கரப்பந்தாட்டத் திடலை நகர்த்துவதற்குப் பெடியன்கள் கொஞ்சம் முறைத்துவிட்டுச் சம்மதித்தார்கள். பிறகு நான் சொன்னேன்: "சந்தியிலை நிக்கிற உந்தப் புதுக் கல்லை எடுப்பம். பூங்காவின்ரை வாசல் அதிலைதான் வருது."

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை மடித்து மடியில் வைத்தார்.

"ஏன், ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டேன்.

பரமேஸ் அக்காதான் வாய் திறந்தார். "பிள்ளை, உந்தக் கல்லைப் பேந்து பாப்பம். முதல் நீ பெத்துப் பிழைச்சு வா."

"என்ரை வயித்துக்கும் கல்லுக்கும் என்னக்கா?"

"ஐயோ, நான் சும்மா சொன்னனான். இந்தா, தேத்தண்ணி ஆறப்போகுது, குடி."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கர்ப்பிணி என்றால் மூளையும் லீவில் போய்விட்டது என்று நினைக்கிறார்களாக்கும் என்று எண்ணினேன். "வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. காரணத்தையும் சொல்லுங்கோ. உங்கடை மனசுக்குள்ளை என்ன இருக்கெண்டு பாக்க நான் சாத்திரக்காறியே?"

எல்லோரும் மார்க்கண்டு அண்ணையைப் பார்த்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு காரணமும் இல்லைத் தங்கச்சி. எடுக்கலாம். எழுதுங்கோ."

எழுதினேன். ஏகமனதாக என்று எழுதினேன். மேலதிகாரி சொன்னபடி, கூட்டம் முடிந்ததும் வாசலுக்குக் காது கொடுத்தேன். செருப்புகள் மாட்டிய சத்தம் மட்டுந்தான் கேட்டது. எப்போதும் வாசலில் நின்று வாய் கிழியக் கதைக்கிற சனம், ஒரு சொல் இல்லாமல் பூனை மாதிரிக் கலைந்துபோனது. அந்த அமைதியைத்தான் நான் கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக, சரி, பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

கல்லை எடுக்க ஒரு நாள் குறித்தோம். மணல் ஏற்றிவரவும் கல்லை ஏற்றிப்போகவும் ஒரு லொறி கிடைத்திருந்தது. அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தான். மறுநாள் அது வேறு ஊருக்கு. டீசலும் அளந்து தந்தது. பின்னேரம் மேலதிகாரி வந்து பார்க்கும்போது வாசலுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருக்கவேண்டும் என்பது உத்தரவு. மழைக்கு முன் மதில் முடியவேண்டும், சமாதானம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஒரு நாள் பிந்தினால் ஒரு வருடம் பிந்திப்போகும்.

வேலையாட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். வந்து, மணலை அரித்தார்கள். நூல் பிடித்தார்கள். பிடித்த நூலைக் கழற்றி மறுபடி பிடித்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனார்கள். அந்தக் கல்லுக்குக் கிட்ட மட்டும் ஒருவரும் போகவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. லொறிக்காரர் ஆசனத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். நான் கதிரையை விட்டு எழுந்து கத்தத் தொடங்கினேன்.

"என்ன, கல்லுக்குப் பேய் பிடிச்சிருக்கே? மூண்டு கல்லுத்தானே? அலவாங்கை இஞ்சை தாங்கோ, நானே கிளப்புறன்!"

அதைக் கேட்டதும் அவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்குள் இருந்து பரமேஸ் அக்கா, "ஐயோ பிள்ளை, தொடாதை!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து மார்க்கண்டு அண்ணை வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும்.

"தள்ளுங்கோ தம்பியவை. நான் கிளப்புறன்."

இரும்பு அலவாங்கை வாங்கினார். கல்லுக்கு முன்னால் போனார். பிறகு ஏதோ நினைத்தவர் போல அலவாங்கை மரத்தில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தெருவோரத்தில் ஒழுங்காக வைத்தார். இரண்டு கையையும் இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார்.

"கல்லு காலிலை விழப்போகுது, செருப்பைப் போடுங்கோ அண்ணை" என்றேன். என் குரலில் இன்னும் கோபந்தான் இருந்தது.

அவர் போடவில்லை. மேல் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஆறுதலா, ஆறுதலா" என்றார். வேலையாட்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் ஒருவரும் கிட்ட இல்லை. அவர் அலவாங்கை எடுத்து நட்ட கல்லின் அடியில் குத்தினார். முதலாவது குத்திலேயே சல்லி கழன்று மேல் கல் ஒருக்கா ஆடியது.

பிள்ளைகளே, எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குச் சொன்ன கதையில் ஒரு சொல்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் கண்டது இவ்வளவுதான். ஒரு கல்லைக் கிளப்ப வந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளப்புகிறார். சம்மதம் என்று சொன்ன மனிதர் கல்லில் கை வைத்து "ஆறுதலா" என்கிறார். ஒரு பக்கம் லொறி, ஒரு பக்கம் உத்தரவு, என் கையால் நானே எழுதிய ஏகமனது. மறு பக்கம் ஒரு சோடிச் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்தபடி நான் கத்தினேன்:

"நிப்பாட்டுங்கோ!"

அலவாங்கு அவர் கையிலிருந்து விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. முகத்தில் இரத்தம் இல்லை. புளியின் அடியில் அப்படியே குந்திவிட்டார்.

"என்ன அண்ணை? என்னெண்டு சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. வெயில்."

"இண்டைக்கு வேலை இல்லை. கல்லு உதிலை நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். வேலையாட்களில் ஒருவர் ஓடிப்போய்க் கழன்ற சல்லியை மறுபடி இறுக்கினார். காலையில் இருந்து அவர் செய்த உருப்படியான வேலை அதுதான்.

மேலதிகாரி வரும்வரை காத்திருக்காமல் நானே அலுவலகத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அடிமட்டம் பறந்தது.

"லொறியைத் திருப்பிவிட்டீரோ? உமக்கு விசரே? காரணம் என்ன?"

"தெரியாது சேர்."

"காரணம் தெரியாமல் வேலையை நிப்பாட்டினனீர்?"

"ஓம் சேர். அவர் செருப்பைக் கழட்டினவர்."

"எந்தக் கல்லு?" என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். எப்படி நட்டிருந்தது என்றும் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு பறந்த அடிமட்டத்தைத் தானே குனிந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மதிலை வளைச்சுக் கீறும். கல்லுத் தெருப்பக்கம் நிக்கவேணும். சுத்திவர ஒரு வண்டில் நிக்கிற அளவுக்கு இடம் விடும். வேலி கீலி ஒண்டும் போடாதையும். வாசலை மற்றப் பக்கம் கொண்டுபோம்."

"ஏன் சேர்?"

"கீறும் எண்டால் கீறும்!"

அவரும் சொல்லவில்லை, பாருங்கள். ஓர் ஊரே சேர்ந்து என்னிடம் ஒரு கதையை மறைத்தது. அது அன்பினால் செய்தது. அந்த அன்பு அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே ஒன்றை இல்லாமல் ஆக்கியிருக்கும், அதுவும் அவர் கையாலேயே.

மதில் வளைந்து எழும்பியது. பூங்காவின் முன்பக்கம் ஒரு குழிவு மாதிரி உள்ளே போய், கல்லுக்கு இடம் விட்டு, மறுபடி வெளியே வந்தது. பார்த்தவர்கள் மேசன் நூல் பிடிக்கத் தெரியாதவன் என்று சிரித்தார்கள். ஊஞ்சலும் கட்டினோம். மடத்துக்குக் கூரை போடுவதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

வைகாசியில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியட்டும் என்று காத்திருந்தவர் போல, ஒரு நாள் காலை மார்க்கண்டு அண்ணை உரும்பிராய்க்கு வந்தார். தோளில் ஒரு கதலி வாழைக்குலை. குலையை விறாந்தையில் வைத்துவிட்டு, பிள்ளையை எட்ட நின்று பார்த்தார். கையில் வாங்கவில்லை. பிறகு கதிரையில் இருந்து முழுவதையும் சொன்னார். வண்டிலை, விமானத்தை, அவர் மனைவி கேட்டதை.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "ஏன் அண்ணை சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லிலை கை வைச்சிருப்பனே?"

"உங்கடை அந்த நிலையிலை என்னெண்டு சொல்லுறது தங்கச்சி? அந்தக் கதை உங்கடை காதிலை விழுந்து, பிறகு உங்களுக்கும் ஏதும் எண்டால்? கல்லுப் போனால் போகட்டும் எண்டு நினைச்சன்."

"அதுக்கு நீங்களே அலவாங்கைத் தூக்கிறதே?"

"வேறை ஆக்கள் எண்டால் அடிச்சுக் கிளப்புவினம். நான் எண்டால் நோகாமல் கிளப்புவன்."

நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய? போகும்போது கேட்டேன், சனம் அதில் சுமை வைக்கிறதா என்று. வைக்கினம் என்றார். நீங்கள் வைக்கிறனீங்களோ என்றேன். இல்லை என்று தலையாட்டினார். குலையோடு அந்த வழியால் எத்தனை முறை போயிருப்பார். ஒரு நாளும் வைத்ததில்லையாம். "அவ நிப்பாட்டச் சொல்லேக்கை நிப்பாட்டாதவன், இப்ப என்ரை தோள் நோகுதெண்டு எப்பிடி நிப்பாட்டுறது?" என்றார்.

அந்த ஐப்பசியில் இடப்பெயர்வு. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. அதைப் பற்றிப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் நீட்டவில்லை. கோப்பாய்ப் பக்கத்துத் தெரு சனத்தால் அடைபட்டிருந்தது. கைதடி தாண்டிச் சாவகச்சேரிக்குப் போய்விட்டால் போதும் என்று எல்லோரும் ஒரே திசையில். நடக்கவில்லை, அரக்கி அரக்கி நகர்ந்தோம். மழை வேறு. கணவர் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தள்ளினார். என் நெஞ்சில் பிள்ளை, தோளில் பை. விடிந்து வெளிச்சம் வந்தபோது புளியடிச் சந்தியில் நின்றோம்.

தெருவில் ஒருவர் நிற்க வழியில்லை. நின்றால் பின்னால் வருகிறவர் மோதுவார். ஆனால் அந்த மதில் வளைந்த இடத்தில், ஒரு வண்டில் நிற்கிற அளவு குழிவுக்குள், சனம் ஒதுங்கி நின்றது. தலைச்சுமைகளை அந்தக் கல்லில் இறக்கி மூச்சு வாங்கியது. ஒருவர் வைக்க, ஒருவர் தூக்க. கல்லுக்குப் பக்கத்தில் மார்க்கண்டு அண்ணை. மழையில் நனைந்து ஊறிப்போய் நின்றார். சுமையோடு வருகிறவர்களின் மூட்டையைத் தானே இறக்கி வைத்து, அவர்கள் ஆறியதும் தானே தூக்கித் தலையில் வைத்துவிட்டார்.

"வையுங்கோ, வையுங்கோ. ஆறுதலா மூச்சு விடுங்கோ. பேந்து போகலாம்."

"எப்ப துவக்கம் நிக்கிறியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"நேற்றுப் பின்னேரம். சனம் வந்துகொண்டெல்லே இருக்கு."

என் தோளில் இருந்த பையை வாங்கிக் கல்லில் வைத்தார். எனக்குத் தோள் அப்போதுதான் இருக்கிறது என்று தெரிந்தது. மதிலில் சாய்ந்து நின்று பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். ஒருவரும் இடிக்கவில்லை. பெற்றுப் பிழைத்தவளாக, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பால் கொடுத்தேன். அந்தப் பெண்ணை நினைத்தேன். எனக்குப் பெயர்கூடத் தெரியாது. கேட்கவேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

எங்கேயோ கிட்ட ஒரு செல் விழுந்து வெடித்தது. சனம் குழறிக்கொண்டு தள்ளத் தொடங்கியது. "வாங்கோ அண்ணை, எங்களோடை வாங்கோ. இனி நிக்கேலாது" என்றேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அவர் தெருவைப் பார்த்தார், என் பிள்ளையைப் பார்த்தார். பிறகு வாசிகசாலைப் பக்கம் போய்த் தன் சுமையைத் தூக்கிவந்தார். ஒரு சாக்கு மூட்டை, அதன் மேல் கட்டிய ஒரு சட்டி. அவ்வளவுதான் அவருடைய வீடு.

கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். சேற்றுக்குள் செருப்பைக் கழற்றினார். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, மேல் கல்லில் வைத்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பின்னால் சனம் தள்ளிக்கொண்டு போனது, பிள்ளைகள் அழுதன, மழை பெய்தது. அவர் அந்தக் கல்லைப் பிடித்தபடி, பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைக்கிற குரலில் சொன்னார்:

"இஞ்சாரும், நிப்பாட்டிப்போட்டன்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூட்டையைத் தோளில் தூக்கினார். "அவவின்ரை பேர் என்ன அண்ணை?" என்று கேட்டேன். "பூமணி" என்றார். பூமணி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் பையையும் அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் கைதடிப் பக்கம் நடந்தோம்.